தண்டையார்பேட்டையில் ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். காற்று திரும்பினால் காசிமேட்டு மீன் வாசனை அடுப்படி வரைக்கும் வரும். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பதற்காக நான் கடல் உப்பை வாளி வாளியாகக் கடையில் வாங்கி, வீட்டில் கரைத்துக்கொண்டிருக்கிறேன். ஃபைபர் படகு வைத்திருக்கும் என் மாமாவுக்கு இது இன்றுவரை செரிக்கவில்லை. "இன்னாடா, கடலாண்ட குந்திகினு கடல் தண்ணிய காசு குட்த்து வாங்குவியா?" என்பார்.

அவர் பேச்சைக் கேட்டு ஒருமுறை செய்தும் பார்த்தேன். ஒரு டிசம்பர் மாதம், தொழிலுக்குப் போனவர் கரையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இரண்டு கேன் தண்ணீர் மொண்டு வந்தார். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டேன். ஆயிரத்தில் 35 பங்கு உப்பு என்று காட்ட வேண்டிய இடத்தில் 27 காட்டியது. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை, கூவம், அடையாறு எல்லாம் கொண்டுவந்து கொட்டுவதில் கரையோரக் கடலின் மேல்மட்டமே நீர்த்துப் போயிருக்கிறது. இரண்டாவது கேனைத் திறந்தால் டீசல் வாசனை. அந்தக் கேனில் முன்பு என்ன இருந்தது என்று மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டாலும் சிரித்திருப்பார்.

எண்ணூர்ப் பக்கத்து அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுகத்து எண்ணெய், ஊர்க் கழிவு எல்லாம் கலந்து கிடக்கும் கரை நமது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் ஊற்ற வேண்டாம். உப்பை வாங்கிக் கரைப்பதுதான் வழி. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மீஞ்சூர்த் திட்டம் என்று சொல்லும் காட்டுப்பள்ளி ஆலை 2010-ல் தொடங்கியது, கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுத்து வடசென்னைக்கு அனுப்பக் கட்டியது. அவர்கள் உப்பை எடுத்துவிட்டு அனுப்பிய தண்ணீரில் நான் மறுபடியும் உப்பைப் போட்டிருக்கிறேன்.

நான் ஏசி மெக்கானிக். சின்ன வயதிலிருந்து கொளத்தூர், மூர் மார்க்கெட் என்று அலைந்து ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல் எல்லாம் வளர்த்தவன். மரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி வைக்க ஆரம்பித்தது 2021-ல், மகள் ஆரஞ்சு வெள்ளைக் கோடு போட்ட மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிறகு. நல்ல தண்ணீர் மீன் வளர்த்த அனுபவம் கை கொடுக்கும் என்று நினைத்தேன். பாதிதான் கொடுத்தது. மீதியைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் காசு உங்களுக்கு மிச்சமாகட்டும்.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உண்மை தலைகீழ். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் சீக்கிரம் ஏறும், உப்பும் சீக்கிரம் ஏறும், ஒரு மீன் செத்தால் மொத்தமும் கெடும். ஒரு அடித் தொட்டியைக் காப்பாற்றத் தெரிந்தவர் அனுபவசாலி, புதியவர் அல்ல. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை 190 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி போனால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 150, 160 லிட்டர். கொளத்தூரில் சொன்ன அளவுக்கு ஒட்டிக் கொடுப்பார்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடி கேளுங்கள். ஒட்டி முடித்த பிறகு சிலிக்கான் காய ஒரு வாரம் விட்டு, வாசலில் வைத்து வெறும் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். கசிவு தெரிய வேண்டியது வாசலில், ஹாலில் அல்ல.

தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் கால் டன்னுக்குக் குறையாது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடி என்றால் நடு அறையில் வைக்காதீர்கள், சுமை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். ஜன்னல் வெயில் விழக்கூடாது. ஸ்டாண்ட் இரும்பு என்றால் பெயிண்ட் இரண்டு கோட். உப்புக் காற்றிலேயே நம் ஏரியா கிரில் கம்பி என்ன ஆகிறது என்று தெரியும், இங்கே உப்புத் தண்ணீரே சொட்டும். நான் மரத்துக்கு மாறிவிட்டேன்.

மின்சார விஷயம் ஒன்று, தொழில்காரனாகச் சொல்கிறேன். தொட்டிக்குப் போகும் லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஒயர் எல்லாம் சுவிட்சு போர்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குப் போக வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். உப்புத் தண்ணீர் தெறித்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். பிளக்கில் பூத்தால் தீப்பொறி. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், மெயினை அணைத்துவிட்டு.

தண்ணீரும் உப்பும்

லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர் எதையும் நேராக ஊற்ற முடியாது. குளோரின், பாஸ்பேட், நைட்ரேட், கடினம் என்று ஆளுக்கொன்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். நான் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டிஐ பிசின் குழாய் ஒன்றை மாட்டி, டிடிஎஸ் என்ற கரைந்த உப்புகளின் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவு போகும். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற தெரு இது, அதனால் அந்தக் கழிவை நான் சாக்கடையில் விடுவதில்லை. டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது. அம்மாவிடம் மீன் தொட்டிக்கு அனுமதி வாங்கியதே இந்த ஒப்பந்தத்தில்தான்.

உப்பு என்றால் சமையல் உப்போ, உப்பளத்துக் கல்லுப்போ அல்ல. சமையல் உப்பு கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. கடல் தண்ணீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் ஒரு கணக்கில் இருக்கின்றன. அந்தக் கணக்கில் கலந்த மரைன் சால்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். லிட்டருக்கு சுமார் 36 கிராம். 160 லிட்டருக்கு ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், பிறகு கரையாது. உள்ளே ஒரு மோட்டாரை ஓடவிட்டு ஒரு நாள் சுழலட்டும். முதல்முறை தொட்டியிலேயே கலக்கலாம், உயிர் எதுவும் இல்லாததால். அதற்குப் பிறகு எப்போதும் தனி டிரம்மில்தான்.

அளவு 35, அடர்த்தியாகச் சொன்னால் 1.026. அளக்கிற கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு, ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினால் பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல் 35 என்று எழுதிய அளவுத் திரவம் ஒரு பாட்டிலும் சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம், புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மே மாதத்தில் என் தொட்டி நாளுக்கு மூன்று லிட்டர் குடிக்கும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 35 இருந்த உப்பு 40-ஐத் தாண்டும். கண்ணாடியில் ஒரு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டி மட்டத்தைக் குறித்து வைத்தேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்தக் கோடு வரை நிரப்புவது மகளின் வேலை.

கல், மணல், மோட்டார்

கல்தான் இந்தத் தொட்டியின் வடிகட்டி. துளை துளையான கல்லுக்குள் குடியேறும் பாக்டீரியாதான் கழிவைத் தின்னும். செயற்கையாக வார்த்த உலர் கல் பதினைந்து கிலோ போதும். "ஒரிஜினல் பவளக் கல்" என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிர், செத்த துண்டாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். கடற்குதிரையும் அப்படித்தான்.

கல்லை முதலில் கண்ணாடித் தரையில் நேராக உட்கார வையுங்கள், மணலை அதற்குப் பிறகு சுற்றிலும் கொட்டுங்கள். மணல்மேல் கல் வைத்தால், தோண்டும் மீன் ஒன்று போதும், கோபுரம் சரிந்து கண்ணாடியில் இடிக்கும். மணல் அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, ஒரு அங்குல உயரத்துக்குப் பதினைந்து கிலோ. திருவொற்றியூர்க் கடற்கரையில் சும்மா கிடக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். அதில் கறுப்பாக மின்னுவது இரும்புச் சத்துள்ள கனிம மணல், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டும். அதோடு ஊர் அழுக்கும் சேர்ந்திருக்கும்.

வேவ் மேக்கர் ஒன்று, மணிக்கு 2,000 லிட்டருக்குமேல் தள்ளுவது. தண்ணீர் எங்கும் தேங்கி நிற்கக்கூடாது. ஸ்கிம்மர் ஒன்று. ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்று கேட்டால், மழைக்காலம் முடியும்போது பட்டினப்பாக்கம் கடற்கரையில் நுரை மலை மலையாக ஒதுங்கும் பார்த்திருப்பீர்கள். கடலில் கலந்த கழிவு காற்றுக்குமிழில் ஒட்டி நுரையாகிறது. அதையே ஒரு குழாய்க்குள் வேண்டுமென்றே செய்து, நுரையை மேலே ஒரு கோப்பையில் பிடித்துக் கொட்டிவிடுவதுதான் ஸ்கிம்மர். கோப்பையில் சேர்வதை முகர்ந்து பார்த்தால் ஏன் செலவழித்தோம் என்று புரியும். லைட் சாதாரண எல்.இ.டி. போதும், எட்டு மணி நேரம். பவளம் வளர்க்கும் விலை உயர்ந்த லைட்டை முதல் வருஷம் பார்க்கவே வேண்டாம். ஹீட்டரும் நம் ஊருக்கு வேண்டாம், ஏசி அறையில் வைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

சூடு, அப்புறம் என் செம்புக் குழாய்

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் தொட்டியைச் சூடாக்குவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். நமக்குக் கதையே வேறு. தொட்டி 25-லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதம் எங்கள் ஹால் 34. மோட்டார் சூடும் சேர்ந்தால் தண்ணீர் 33-க்குக் குறையாது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதிலும் உப்புத் தண்ணீர் பிடித்து வைப்பதே குறைவு. 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிடித்தால், கடல் தண்ணீர் ஆறே சொச்சம்தான் பிடிக்கும்.

மலிவான வழி ஃபேன். தொட்டி விளிம்பில் சின்ன ஃபேனை வைத்து நீர்ப்பரப்பின்மேல் ஊதவிட்டால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கணக்கு போட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே ஒரு லிட்டர் ஆவியாவது 160 லிட்டரை மூன்றரை டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பத்தை எடுக்கிறது. ஆனால் அறை அந்த வெப்பத்தைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு நம்முடையது கடலோர ஊர், காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. ஈரக் காற்றில் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் சூட்டுக்கு வெட் பல்ப் என்று பெயர், அந்த அளவுக்குக் கீழே ஃபேன் எதையும் கொண்டுபோக முடியாது. மதுரையில் ஃபேன் செய்யும் வேலையைத் தண்டையார்பேட்டையில் செய்யாது. எனக்கு 33 இருந்தது 30 ஆனது, அதோடு சரி. மீன் தாங்கும், ஆனால் மூச்சு வாங்கும்.

இங்கேதான் எனக்குத் தொழில் திமிர் வந்தது. வருஷம் முழுக்க அடுத்தவன் வீட்டைக் குளிர்விக்கிறவன், ஒரு தொட்டியைக் குளிர்விக்க 1/10 ஹெச்பி சில்லர் என்ற குளிர்விக்கும் மெஷினை முழு விலை கொடுத்து வாங்குவதா? காயலான் கடையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் எடுத்தேன். பத்து மீட்டர் செம்புக் குழாயை அழகாகச் சுருட்டி, காற்றிழுத்து, காஸ் ஏற்றி, சுருளைத் தொட்டியின் பின் மூலையில் இறக்கினேன். மாலைக்குள் 26 டிகிரி. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தெர்மாமீட்டரைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் ஏறி மேயும் நத்தைகள் எல்லாம் கீழே மல்லாந்து கிடந்தன. மத்தியானம் க்ளீனர் இறால் கல்லுக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. மகள் தொட்டதும் கால் மட்டும் அசைந்தது. ராத்திரிக்குள் துறவி நண்டுகளும் போய்விட்டன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. அதுதான் என்னைக் குழப்பியது. அம்மோனியா பூஜ்யம், உப்பு சரி, சூடு சரி. கடைசியில் செம்பு டெஸ்ட் கிட் வாங்கி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. உப்புத் தண்ணீர் குழாயை அரித்து, செம்பைக் கரைத்திருக்கிறது.

அம்மா தினமும் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிப்பாள். நமக்கு அது ஆரோக்கியம் என்பாள். இறாலுக்கும் நத்தைக்கும் அதில் துளி போதும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்திலேயே ஆக்சிஜனைச் சுமப்பது செம்புதான், மகளின் புத்தகத்தில் இருந்தது. உடம்புக்குள் கணக்காக இருப்பது வேறு, தண்ணீரில் கரைந்து செவுளில் ஏறுவது வேறு.

சுருளை வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை நான்கு முறை மாற்றி, செம்பை உறிஞ்சும் பிசினும் கார்பனும் போட்டேன். கல்லும் மணலும் உறிஞ்சி வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விட்டுக்கொண்டே இருந்தன. ஏழு மாதம் கழித்துத்தான் ஒரு நத்தை பிழைத்தது. ஆகவே சில்லர் வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, தண்ணீர் படும் சுருள் டைட்டானியமா என்பது. செம்பு, பித்தளை நாசில், பித்தளை வால்வு எதுவும் உப்புத் தண்ணீரைத் தொடக்கூடாது. மீன் மருந்துகளிலும் பலவற்றில் செம்பு உண்டு, அவற்றை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

சில்லர் மெஷினை மூடிய ஸ்டாண்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது எங்காவது விட்டாக வேண்டும். கதவை மூடினால் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும், கரண்ட் பில் மட்டும் ஏறும். ஜன்னல் பக்கமாகக் காற்றோட்டத்தில் வையுங்கள்.

மீன் இல்லாத ஒரு மாதம்

தண்ணீர் தெளிந்து, கல் அடுக்கி, லைட் போட்டால் தொட்டி அழகாக இருக்கும். அன்றைக்கே மீன் விடத் தோன்றும். விட்டால் சாகும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதுவே மீனுக்கு விஷம். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். வேறொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மரைன் டேங்க்காரர்கள் இதை சைக்கிளிங் என்பார்கள்.

குடியேறுகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே. அம்மோனியம் குளோரைடு திரவம் வாங்கி அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும் அளவு விடலாம், அது சுத்தமான வழி. நான் காசிமேட்டில் வாங்கிய ஒரு இறாலைப் பழைய காலுறைக்குள் கட்டிப் போட்டேன். வீடு நாறியது. "கொழம்பு வெக்க வேண்டிய எறாவ தண்ணில போட்டு அழுக வெக்கிறியே, உனுக்கே நல்லாருக்கா?" என்று அம்மா நாலு நாள் பேசவில்லை. நீங்கள் திரவமே வாங்குங்கள்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு விடும் டெஸ்ட் கிட் வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் நான்காம் நாள் அம்மோனியா ஏறியது, பன்னிரண்டாம் நாள் நைட்ரைட் கத்தரிப்பூ நிறம், முப்பத்தொன்றாம் நாள் இரண்டும் பூஜ்யம். நம் ஊர் வெதுவெதுப்பு இந்த ஒரு விஷயத்தில் உதவும். பூஜ்யம் வந்ததும் நம்பிவிடாதீர்கள், இன்னொரு தடவை 2 பிபிஎம் விடுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பினால்தான் தொட்டி தயார். பிறகு சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் இன்றைக்கே மீன் விடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். பாட்டில் உதவலாம், ஆனால் டெஸ்ட் கிட் சொன்ன பிறகுதான் மீன்.

நடுவில் கல்லெல்லாம் பழுப்பாகப் படியும். டயாட்டம் பாசி, தானாகப் போகும். பயந்து கல்லைக் கழுவி, குடியேறியவர்களை விரட்டிவிடாதீர்கள்.

யாரை அழைத்து வருவது

இரண்டு க்ளவுன் மீன், மகள் கேட்ட அந்த ஆரஞ்சு வெள்ளைக் கோட்டு மீன்தான். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முதல் இரண்டு மாதத்துக்கு. தொட்டியில் பிறந்த குஞ்சா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். பண்ணைக் குஞ்சு நோய் குறைவாக வரும், தீனிக்குப் பழகியிருக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள், அதனால் பண்ணைக் குஞ்சு கிடைக்காது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுங்கள். க்ளவுன் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் எடுத்தால் யார் பெரியவர் என்ற சண்டை நீளும். தாமரைபோல விரியும் அனிமோன் என்ற கடல் உயிர் இல்லாவிட்டாலும் க்ளவுன் நன்றாக வாழும். அனிமோனுக்கு ஒரு வருஷமாவது முதிர்ந்த தொட்டி வேண்டும்.

கடையில் கண்ணைப் பறிப்பவை வேறு. நீல டாங் ஓர் அடி வரை வளரும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத்தான் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். நீல டாம்சல் மலிவு, சாகாது, ஆனால் அது ரவுடி. பின்னால் வருகிற எல்லோரையும் கடிக்கும், பிடித்து வெளியே எடுக்க மொத்தக் கல்லையும் கலைக்க வேண்டும்.

மீனை வாங்கும்போது உங்கள் கண்ணெதிரில் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை அழகுக்காக வாங்காதீர்கள். கடைத் தொட்டியின் உப்பளவையும் கேளுங்கள், பல கடைகளில் குறைத்துத்தான் வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனை ஒரு வாளியில் விட்டு, மெல்லிய காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். முக்கால் மணி நேரம். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

முடிந்தால் இரண்டு அடியில் தனித் தொட்டி ஒன்றில் முப்பது நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் அது கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி. பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் தொட்டியை மீனில்லாமல் போட வேண்டும் என்பது மரைன் டேங்க்காரர்கள் பிடிக்கும் கணக்கு. முப்பது நாள் பொறுமை அதைவிட மலிவு.

வாரா வாரம், கரண்ட் போனால்

வாரம் ஒருமுறை இருபது லிட்டர் கேன் ஒன்று. அதில் 720 கிராம் உப்பு, முதல் நாள் ராத்திரியே கலக்கி வைத்தது. தொட்டியில் அதே அளவு பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு இதை ஊற்றுங்கள். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள். அரை மணி நேர வேலை.

கரண்ட் போனால் முதலில் போவது காற்று. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முட்டிக்குமேல் தண்ணீர், கரண்ட் இரண்டு நாள் இல்லை. முதல் ராத்திரியே பம்பின் பேட்டரி தீர்ந்தது. செம்பு வேண்டாம் என்று எவர்சில்வர் சொம்பு எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். பத்து நிமிடத்துக்கு இருபது சொம்பு. நானும் மனைவியும் மகளும் முறை வைத்துச் செய்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். இரண்டு க்ளவுனும் பிழைத்தன. இப்போது இன்வெர்ட்டரில் வேவ் மேக்கருக்குத் தனி லைன் இழுத்திருக்கிறேன்.

தீனி நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. மிஞ்சினால் அதுவும் அம்மோனியாதான். போன வருஷம் நாங்கள் திருச்செந்தூர் போயிருந்த மூன்று நாளில், டப்பா எங்கே என்று தெரியாமல் அம்மா நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துப் போட்டிருக்கிறாள். திரும்பி வந்தால் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம், ஸ்கிம்மர் கோப்பை நிரம்பித் தரையில் வழிகிறது, மீன்கள் இரண்டும் வயிறு புடைத்து மகிழ்ச்சியாக இருந்தன. அன்றைக்கே நாற்பது லிட்டர் மாற்றினேன். இப்போது ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு நாள் தீனியையும் மருந்துக்கடைப் பொட்டலம் போலக் காகிதத்தில் மடித்து, மேலே கிழமை எழுதி, மீதி டப்பாவைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகிறேன்.